உப்புத்தாள் வைத்தியம்

"அப்போ உனக்கு ஏழு வயசு. இந்தக் கம்ப்யூட்டர் வந்து இறங்கின அன்னிக்கு மத்தியானம்..."

பட்டென்று திரை இருண்டது. தூர தேசத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த மகளின் முகம் காணாமல் போனது.

"பார்த்தியா? ஏழு வயசுன்னு வாயைத் திறந்தா போதும், நின்னுடுது" என்றார் பாலிஷ்காரர். இப்படி நிற்பது இது ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை.

"பழைய கதைன்னா அதுக்கும் சூடேறுது போல" என்றாள் மனைவி. அவர் எழப் போனார். "நீங்க இருங்க, இடுப்பு பிடிச்சுக்கும்" என்று அவளே மேசைக்கடியில் குனிந்து சரிசெய்தாள். கம்ப்யூட்டருக்கு மறுபடி உயிர் வருவதற்குள் மகள், "அடுத்த வாரம் பேசலாம்ப்பா" என்று செய்தி அனுப்பிவிட்டுப் போய்விட்டாள்.

தரைக்கு மெருகேற்றுவது அவர் தொழில். முப்பது வருஷமாக அவர் தேய்த்த தரைகளில் முகம் பார்த்துத் தலை சீவலாம். அந்தக் கம்ப்யூட்டர் மகளின் படிப்புக்காக வாங்கியது. வெள்ளைப் பெட்டி பழுத்து மஞ்சளாகிவிட்டது. இரண்டு பொத்தான்களில் எழுத்தே இல்லை. புதுசு அனுப்புகிறேன் என்று மகள் எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். அவர் அசையவில்லை.

மறுநாள் ரிப்பேர்காரர் வந்து பெட்டியைத் திறந்தார்.

"சூடு இருக்குண்ணே, எழுபத்தெட்டு டிகிரி காட்டுது. ஆனா இதுக்கே நின்னு போகாதே..."

"நிக்குதே தம்பி! வாராவாரம் நிக்குது."

ரிப்பேர்காரர் தலையைச் சொறிந்தார். "ப்ராசஸர்னு ஒரு சில்லு, அது மேல ஒரு தகடு இருக்கும். பார்க்க சமதளமா இருக்கும், ஆனா நடுவுல லேசா குழிஞ்சிருக்கும். சூட்டை இழுக்க மேல உட்கார்ற அலுமினியக் கட்டை அதுல முழுசாப் படியாது, சூடு இறங்காது. சில பேர் அதை உப்புத்தாள்ல தேய்ச்சு மட்டம் பண்ணுவாங்க. பத்து டிகிரி குறையும். கொஞ்சம் பிசகினாலும் உயிர் போயிடும். வேணாம்ணே."

'தேய்ச்சு மட்டம் பண்ணுவாங்க' என்பதற்குப் பிறகு பாலிஷ்காரரின் காதில் எதுவுமே ஏறவில்லை.

"ஏங்க, வேணாமே" என்றாள் மனைவி. "அடுத்த வாரம் அது நிக்காதுன்னு எனக்குத் தோணுது."

"நீ என்ன ஜோசியமா பார்க்கறே?"



தேய்க்க மட்டமான பரப்பு வேண்டும். வீட்டில் மட்டமானது மனைவியின் அலமாரிக் கண்ணாடி ஒன்றுதான். கழற்றினார். அதன் மேல் நானூறாம் நம்பர் தாளை விரித்து, தண்ணீர் தெளித்து, தபால்தலை அளவுள்ள அந்தச் சில்லைக் கவிழ்த்துப் போட்டு, எட்டுப் போடுவதுபோல் சுழற்றிச் சுழற்றித் தேய்த்தார். முதலில் மேலே இருந்த எழுத்தெல்லாம் போயிற்று. அப்புறம் வெள்ளிப் பூச்சு போய்ச் செம்பு சிரித்தது. எண்ணூறு, ஆயிரத்திருநூறு, இரண்டாயிரம் என்று தாளை மாற்றினார்.

மூன்றாம் நாள் அது பளபளத்தது. அவர் அதில் மூக்கைப் பார்த்து மீசையை ஒதுக்கிக்கொண்டார்.

"அழகா இருக்கு" என்றாள் மனைவி. "அடியில ஏன் ஊசியெல்லாம் படுத்துக் கிடக்கு?"

திருப்பிப் பார்த்தார். மேலே அழுத்திய பெருவிரலின் கைங்கரியம். அடியிலிருந்த நூற்றுக்கணக்கான ஊசிக்கால்களில் ஒரு வரிசை அப்படியே சாய்ந்திருந்தது. ரிப்பேர்காரருக்குப் போன் போட்டார்.

"வேற ஒண்ணு கிடைக்குமான்னு பார்க்கறேன். மேல என்ன நம்பர் எழுதியிருக்குண்ணே?"

"எதுவும் எழுதலை."

"எழுதலையா?"

"தேய்ச்சுட்டேன்."



அன்றைக்கு மத்தியானம் பாலிஷ்காரர் சாப்பிடவில்லை. சில்லைக் கைக்குட்டையில் வைத்து மடியில் போட்டுக்கொண்டு, நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். மனைவி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் வந்தாள். தையல் ஊசியால் ஒவ்வொரு காலாக நிமிர்த்த ஆரம்பித்தாள். வெயில் இறங்கும் வரை நிமிர்த்தினாள். ஒன்றுகூட ஒடியவில்லை.

"உனக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்? நான்தானே கெடுத்தேன்" என்றார் அவர்.

"சும்மா இருங்க" என்றாள். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

தகட்டுக்கும் கட்டைக்கும் நடுவே தடவும் களிம்பு வீட்டில் இல்லை. பற்பசையும் வேலை செய்யும் என்று யாரோ சொன்னதை நம்பித் தடவினார். அரை மணி நேரம் வீடே புதினா மணத்தது. அப்புறம் பசை காய்ந்து, சூடு எண்பத்தைந்துக்குப் போய், விசிறி அலறியது. ரிப்பேர்காரர் ஓடி வந்து, பசையைச் சுரண்டி, சரியான களிம்பை வைத்துப் பூட்டினார்.

திரையில் எண் வந்தது. அறுபத்தாறு.

"அண்ணே, பன்னிரண்டு டிகிரி குறைஞ்சிருக்கு!" ரிப்பேர்காரர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஊரிலுள்ள எல்லாத் தரைகளும் சேர்ந்து கொடுக்காத பெருமை அன்றைக்குப் பாலிஷ்காரருக்குக் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை. மகள் திரையில் வந்தாள். மனைவி வழக்கம்போல் பக்கத்தில் உட்கார்ந்தாள், இரண்டு கால்களையும் நாற்காலியின் மேலே மடித்து வைத்துக்கொண்டு.

"அப்போ உனக்கு ஏழு வயசு" என்று ஆரம்பித்தவர், நிறுத்தித் திரையைப் பார்த்தார். மகள் தன் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கூரையைப் பார்த்தாள். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் வேலை முடிஞ்சு வர்றேன். நீ தட்டுற பலகை மேல கன்னத்தை வெச்சுத் தூங்கறே. உன் கன்னம் ஏதோ ஒரு எழுத்தை அமுக்கிட்டிருக்கு. திரையில அந்த ஒரே எழுத்து வரிவரியா ஓடுது. என் உடம்பெல்லாம் தரைப்புழுதி. உள்ள வந்தா உன் மேல படும்னு வாசல்லயே நின்னு பார்த்துட்டிருந்தேன். நீ முழிச்சுப் பார்க்கறப்போ பதினோரு பக்கம் ஆயிருந்துச்சு."

"அழிச்சிருப்பீங்க."

"எப்படிம்மா அழிப்பேன்? நீ தூங்கறதை நான் பார்த்துட்டு நின்ன நேரம்தானே அந்தப் பதினோரு பக்கம்? இன்னும் இதுலதான் இருக்கு. அதான் இந்தப் பெட்டியை விட மனசு வரலை."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதை ஏம்ப்பா இத்தனை நாளா சொல்லவே இல்லை?" என்றாள்.

"எங்கேம்மா சொல்ல விட்டுது? இந்தச் சூடு..."

அப்போது குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே மாப்பிள்ளை திரைக்குள் எட்டிப் பார்த்தார்.

"அட, மாமா! இன்னும் பேசிட்டிருக்கீங்க? இன்னிக்கு அத்தை காலால சுவிட்சை அணைக்கலையா?"