ஒன்பது மணிப் பனி

ஊருக்கு ஒருவராவது இருப்பார். எங்கள் ஆக்கன்ஷாவில் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். ஆங்கிலேயர் நாட்டு மலைச்சரிவில் இருக்கும் ஊர் என்பதால் விளைச்சல் கொஞ்சம் அதிகம். இவர்களில் யாரும் வானிலை நிலையத்தில் வேலை பார்த்தவர்கள் அல்லர். ஒருவர் பல் பிடுங்கியவர், ஒருவர் தரைவிரிப்பு விற்றவர், ஒருவர் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துவதாகச் சொல்லிக்கொண்டு முப்பது வருடம் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தவர். பனி எப்போது விழும் என்று இவர்களைக் கேட்டுப்பாருங்கள். வேண்டாம், கேட்காதீர்கள். கேட்காமலேயே சொல்வார்கள். பனி ஆருடக்காரர்கள் என்று இவர்களுக்கு நான் பெயர் வைத்திருக்கிறேன்.

இதில் இரண்டு ரகம் உண்டு. டிசம்பரில் பனியை எதிர்பார்ப்பவர் ஒரு ரகம். அதில் அதிசயம் ஒன்றுமில்லை, குழந்தைகளும் அப்படித்தான். வசந்தத்தில் வரும் டாஃபடில் பூக்கள் பூத்து வாடி, ஆட்டுக்குட்டிகள் துள்ளித் திரிந்து, ஈஸ்டர் சாக்லேட் முட்டைகள் கடையில் பாதி விலைக்கு வந்து, தெருவே புல்வெட்டும் இயந்திரத்தைத் தூசி தட்டி வெளியே எடுத்த பிறகும், கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு "இன்னும் முடியல, பாத்துக்கிட்டே இரு" என்று வேலிக்கு மேலே தலை நீட்டிச் சொல்கிறாரே, அவர்தான் அசல் சரக்கு. என் பக்கத்து வீட்டு வில்ஃப் ஒல்டராய்ட் அந்த ரகம்.

வில்ஃபைத் தெரிந்துகொண்டால் மற்றவர்களைத் தெரிந்துகொண்ட மாதிரிதான். அவருடைய பனி எப்போதும் பத்து நாள் தள்ளியே இருக்கும். கணினி கணித்துத் தரும் வானிலைப் படங்கள் ஒரு நாளைக்கு நான்கு முறை வரும். வரைபடத்தில் குளிரைக் காட்டும் நீலம் தெரிந்தால் அன்று இரண்டு முட்டை சாப்பிடுவார், கடுங்குளிரைக் காட்டும் ஊதா தெரிந்தால் சாப்பாட்டையே மறந்துவிடுவார், அடுத்த படத்தில் எல்லாம் பச்சையாகிவிட்டால் அந்தப் படத்தை வரைந்த கணினி சரியில்லை என்பார். கோட்டுப் பையில் எப்போதும் ஓர் அளவுகோல் இருக்கும். தோட்டத்தின் நட்டநடுவில், அவர் மனைவி ரோஜா வைக்க ஆசைப்பட்ட இடத்தில், சன்னல் சட்டம் வைத்த வெள்ளைப் பெட்டி ஒன்று நாலு காலில் நிற்கும், உள்ளே வெப்பமானிகள். நவம்பரில் புல்லை ஒட்ட வெட்டிவிடுவார். ஏன் தெரியுமா? நீண்ட புல்லில் பனி உள்ளே இறங்கி மறைந்துவிடும், குட்டைப் புல்லில் சீக்கிரம் வெள்ளை காட்டும். பனி விழுந்துவிட்டாலோ, அந்தப் புல்வெளியில் கடிதம் கொண்டுவருபவரும் கால் வைக்கக் கூடாது, என் பூனையும் கால் வைக்கக் கூடாது.

இப்படி ஒருவர் இருந்தால் அவருக்கு எதிராளி ஒருவர் இருந்தே ஆகவேண்டும். அவர் ஹெட்லி சக்டன். பள்ளத்தாக்கின் அடியில் வீடு. வில்ஃப் "வருது" என்பவர் என்றால் ஹெட்லி "போச்சு" என்பவர். புத்தாண்டு அன்று எல்லோரும் வாழ்த்துச் சொல்லும்போது இவர் மட்டும் "குளிர்காலம் முடிஞ்சிருச்சு" என்று செய்தி அனுப்புவார். வியாழக்கிழமைதோறும் பப்பின் பின்னறையில் எங்கள் வானிலை வட்டம் கூடும்போது இருவரும் ஒருவருக்கொருவர் எதிரேதான் உட்காருவார்கள். அடுத்தடுத்து உட்கார்ந்தால் சண்டை போட வசதிப்படாது.

"செவ்வாக்கிழமை எங்க பக்கம் பனி விழுந்துச்சு" என்பார் வில்ஃப்.

"மழைய்யா அது."

"பனிதான். கொஞ்சம் ஈரமான பனி."

"ஈரமான பனிக்கு எங்க ஊர்ல மழைன்னுதான் பேரு."

"உங்க ஊர் குழிக்குள்ள இருக்கு ஹெட்லி. அங்க விழுறதெல்லாம் மழையாத்தான் இருக்கும்."

சண்டை முற்றினால் விதிப்புத்தகம் வெளியே வரும். வட்டத்தின் தலைவரும் வில்ஃப்தான், விதியை எழுதியவரும் வில்ஃப்தான். பனி விழுந்தால் மட்டும் போதாது, கிடக்க வேண்டும். காலை ஒன்பது மணிக்குத் தரையில் பாதிக்கு மேல் வெள்ளையாக இருந்தால்தான் பனி கிடந்ததாகக் கணக்கு. அந்த ஒன்பதும் கிரீன்விச் நேரத்து ஒன்பது. மார்ச் கடைசியில் நாடே கோடை நேரம் என்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும்; வில்ஃபின் கைக்கடிகாரம் மட்டும் அசையாது. "வானத்துக்குக் கோடை நேரம் தெரியுமாய்யா?" என்று கேட்பார். அதனால் கோடை முழுக்கக் கல்யாணமானாலும் சரி, சவ அடக்கமானாலும் சரி, ஒரு மணி நேரம் பிந்தித்தான் வந்து சேருவார். முந்தின வருடம் ஏப்ரலில், காலையில் ஹெட்லி வீட்டுப் புல்லில் அதிசயமாக விழுந்த பனியை, கிரீன்விச் ஒன்பதுக்குள் உருகிவிட்டது என்று சொல்லி, இந்த விதியைக் காட்டித்தான் கணக்கிலிருந்து அடித்துவிட்டார். ஹெட்லி இரண்டு வியாழன் வரவில்லை.

இனி நோரீன். வில்ஃபின் மனைவி. அவளுடைய அக்கா ஐரிஸ் டெனரீஃப் தீவில் குடியேறிப் பல காலம் ஆகிறது. அங்கே ஜனவரியிலும் செருப்புப் போட்டுக்கொண்டு கடற்கரையில் நடக்கலாம். ஐரிஸ் ஒவ்வொரு குளிருக்கும் கூப்பிடுவாள், நோரீன் ஒவ்வொரு குளிருக்கும் பெட்டியைத் துடைத்து வைப்பாள், வில்ஃப் ஒவ்வொரு குளிருக்கும் "அடுத்த வாரம் பெருசா ஒண்ணு வருது, இப்பப் போய் எப்படி" என்பார். நாம் இல்லாத நேரத்தில் பனி விழுந்துவிட்டால் என்ற பயம் அவருக்கு. கஞ்சன் இல்லை, முரடன் இல்லை, மனைவிமேல் உயிர்தான். ஆனாலும் ஜனவரியில் ஊரைவிட்டுப் போகச் சொன்னால் முகம் செத்துவிடும். போன நவம்பரில் நோரீன் பொறுத்தது போதும் என்று முடிவுகட்டிவிட்டாள்.

"இந்தா பாரு வில்ஃப். இந்தக் குளிருக்கு நம்ம புல்லுல ஒரே ஒரு நாள் பனி கிடக்கட்டும். உன் விதிப்படியே கிடக்கட்டும். நான் இனிமே டெனரீஃப் பேச்சையே எடுக்க மாட்டேன். ஏப்ரல் முடியுறதுக்குள்ள கிடக்கலேன்னா, அதுக்கப்புறம் வர்ற ஜனவரி முழுக்க ஐரிஸ் வீட்டுல. பாதியில ஓடி வரக்கூடாது. சம்மதமா?"

வில்ஃப் அன்றைய வரைபடத்தைப் பார்த்தார். பத்து நாள் தள்ளி ஊதா தெரிந்தது. சம்மதித்துவிட்டார்.

பிறகு நடந்ததை நீங்களே ஊகித்திருப்பீர்கள். டிசம்பர் ஈரமாகப் போனது. ஜனவரி சொதசொதவென்று போனது. பிப்ரவரியில் பனி வந்தது, பக்கத்து ஊர் வரைக்கும். மார்ச்சில் நோரீன் வெயில் தொப்பி ஒன்று வாங்கிவந்து, கூடத்தில் கோட்டு மாட்டும் கொக்கியில், அவர் கண்ணில் படும்படி மாட்டிவைத்தாள். வில்ஃபுக்குத் தூக்கம் குறைந்தது. நான் வேலியோரம் போனால் "வடக்குக் காற்று இன்னும் ஒருதடவை இறங்கும்யா" என்று கெஞ்சுகிற குரலில் சொல்வார், நான்தான் இறக்கிவைக்க வேண்டும் போல.

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை. பல் துலக்கிக்கொண்டே சன்னல் திரையை விலக்கினேன். விழுந்திருந்தது. கூரை வெள்ளை, வேலி வெள்ளை, என் வீட்டு டூலிப் பூக்களின் தலையெல்லாம் வெள்ளை. வில்ஃபின் புல்வெளி வெள்ளை வேட்டி விரித்ததுபோல் கிடந்தது. அதன் ஓரத்தில் அவர் உள்ளங்கியோடு, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. நான் கேலி செய்யப் போயிருந்தேன், மனது வரவில்லை.

உள்ளே ஓடினார். அளவுகோலோடு வந்தார். சமையலறைக் கடிகாரம் ஒன்பது காட்டியதும் குத்தி அளந்தார். மூன்று சென்டிமீட்டர். எல்லோருக்கும் போன் போட்டார். முதல் போன் ஹெட்லிக்கு. "எந்திரிச்சு வந்து பாருய்யா, குளிர்காலம் முடிஞ்சவரே."

ஹெட்லி வந்தார். பனியைப் பார்த்தார். குனிந்து தொட்டுப்பார்த்தார். பொய் சொல்லக் கூடாது, அவர் முகத்திலும் ஒரு சந்தோஷம் ஓடி மறைந்ததை நான் பார்த்தேன். பிறகு நிமிர்ந்து, மிக அமைதியாகக் கேட்டார்.

"எப்ப அளந்த?"

"ஒன்பதுக்கு. டாண்ணு ஒன்பதுக்கு."

"எந்த ஒன்பது?"

வில்ஃப் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அது எட்டேகாலைக் காட்டியது. வருடம் முழுக்க அந்தக் கடிகாரத்தைத் தவிர வேறெதையும் நம்பாத மனிதர், அந்த ஒரு நாள் மட்டும் சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார். ஆசை கண்ணை எங்கே திருப்புகிறது பாருங்கள்.

"வானத்துக்குக் கோடை நேரம் தெரியுமாய்யா?" என்றார் ஹெட்லி. ஒரு வருடமாகக் காத்திருந்து சொன்ன வார்த்தை.

சரியாக அந்த நேரம் பார்த்து மேகம் விலகியது. ஏப்ரல் வெயில் இருக்கிறதே, சூடு அவ்வளவு இல்லை, பனிக்குப் போதும். கூரையிலிருந்து சொட்ட ஆரம்பித்தது. புல்லின் நடுவில் ஒரு பச்சைத் திட்டு தெரிந்தது, பிறகு அதற்குத் துணையாக இன்னொன்று. வில்ஃப் கொட்டகைக்குள் போய்ப் பெரிய குடை ஒன்றை விரித்துக்கொண்டு வந்து, புல்லுக்கு மேலே பிடித்தார்.

"குடை விதியில இல்ல" என்றார் ஹெட்லி.

"பிடிக்கக் கூடாதுன்னும் இல்லையே."

"நிழல் குடுத்தா அது இயற்கையா கிடந்த பனி இல்ல."

"மேகம் மறைச்சா ஒத்துக்குவ. நான் மறைச்சா ஒத்துக்க மாட்டியா?"

"மேகம் நம்ம வட்டத்துல உறுப்பினர் இல்ல வில்ஃப்."

வில்ஃப் குடையை மடக்கினார். அப்போது பின்கதவு திறந்தது. நோரீன், இடுப்பில் ஈரத்துணிக் கூடையோடு. துணி காயப்போடும் கயிறு புல்வெளிக்கு அந்தப் பக்கம். நேரே நடந்து போனால் மிச்சப் பனியில் பாதி அவள் பூட்ஸோடு போய்விடும், ஜனவரி அவளுடையதாகிவிடும். துணி காயப்போடுவதைக் கேட்க யாருக்கும் உரிமையில்லை. படியில் நின்றாள். புல்லைப் பார்த்தாள், மடக்கிய குடையைப் பார்த்தாள், கணவன் முகத்தைப் பார்த்தாள். "அப்புறமாப் போட்டுக்கறேன்" என்று கூடையோடு உள்ளே திரும்பிவிட்டாள். எனக்கு அந்த நிமிடம் அவள்மேல் பெரிய மரியாதை வந்தது.

மூன்று பேரும் நின்றோம். கைக்கடிகாரம் ஒன்பதைத் தொட்டபோது ஹெட்லி முழங்காலிட்டு, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, புல்வெளியை நோட்டம் விட்டார். வெகுநேரம் விட்டார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"பாதிக்கு மேல இருக்கு."

வில்ஃப் திடுக்கிட்டார். "என்னது?"

"பாதிக்கு மேல இருக்குங்கறேன். கிடந்துச்சு. எழுதிக்க."

"கண்ணு தெரியலையா உனக்கு? அந்த மூலை பூரா பச்சையாயிருச்சு. பாதிக்குக் கீழ."

"ஓரத்துல பாருய்யா, வேலிக்கடியில எவ்வளவு வெள்ளை."

"அது சுண்ணாம்பு. போன வாரம் நான் போட்டது."

நான் வாயைப் பிளந்து நின்றேன். ஆக்கன்ஷாவில் குளிர்காலத்தையே ஒத்துக்கொள்ளாத மனிதர் பனி இருக்கிறது என்று சாதிக்கிறார். பனிக்காகவே உயிர் வாழ்கிறவர் இல்லை என்று மறுக்கிறார். ஹெட்லிக்கு என்ன வந்தது என்று பிறகுதான் உறைத்தது. வில்ஃப் ஜனவரி முழுக்கத் தீவில் இருந்தால், புத்தாண்டு அன்று "முடிஞ்சிருச்சு" என்று இவர் யாரிடம் போய்ச் சொல்வார்? யார் மறுத்துப் பேசுவார்கள்?

"நீயாவது சொல்லுய்யா" என்று என்னைப் பிடித்துக்கொண்டார் ஹெட்லி. "பாதிக்கு மேலயா இல்லையா?"

நான் புல்லைப் பார்த்தேன். சமையலறைச் சன்னலைப் பார்த்தேன். இப்படித்தான் எந்த விஷயத்திலும் என்னைச் சாட்சியாக வைத்துக்கொள்ள முடியாது. "ரெண்டு பேரும் என் வீட்டுக்கு வாங்க, டீ ஆறுது" என்றேன், டீ போடவே இல்லை.

"விதி விதிதான்" என்றார் வில்ஃப். "போன வருஷம் உன் பனிய அடிச்சேன்ல? இப்ப என் பனிய விட்டா நான் என்ன தலைவன்?" சன்னல் பக்கம் திரும்பி, "நோரீன்! கிடக்கல" என்று சத்தமாகச் சொன்னார். உள்ளே நோரீன் ஐரிஸுக்கு போன் போட்டுச் சிரிக்கிற சத்தம் கேட்டது, சிரிப்பா அழுகையா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

ஒரு வாரம் வில்ஃப் வெளியே வரவில்லை. எனக்கு நிஜமாகவே கவலையாகிவிட்டது. அடுத்த ஞாயிறு வேலியோரம் தலை தெரிந்தது. நோரீன் வாங்கிய வெயில் தொப்பியைப் போட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் பழைய வெளிச்சம்.

"அந்தத் தீவுல ஒரு மலை இருக்கு, தெரியுமா? மூவாயிரத்து எழுநூறு மீட்டர்."

"அப்படியா?"

"உச்சியில ஜனவரியில பனி விழுமாம்யா." குரலைத் தாழ்த்தினார். "நோரீன்கிட்ட இப்ப சொல்லாத. ஐரிஸ் வீட்டு மொட்டை மாடியிலேர்ந்து பாத்தா உச்சி நல்லாத் தெரியும். ஹெட்லிக்கு நேத்தே சொல்லிட்டேன். அவ்வளவு தெற்கே விழாதுங்கறான். விழும்னு நான் சொல்றேன். தினமும் காலையில போன் போடுறதாப் பேசி வச்சிருக்கோம்."

"எத்தனை மணிக்கு?"

"ஒன்பதுக்கு. ஜனவரியில அந்தத் தீவுக்கும் கிரீன்விச் நேரம்தான். குழப்பமே இல்ல."

நோரீன் பாவம் என்று நினைத்துக்கொண்டே உள்ளே வந்தேன். ஆனால் அவள் புதுச் செருப்புகள் இரண்டு ஜோடி வாங்கிவிட்டாள், வெள்ளைப் பெட்டி இல்லாத தோட்டம் ஒன்றில் ஒரு மாதம் உட்காரப் போகிறாள். அவளுக்கு அது போதும் என்றுதான் தோன்றுகிறது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். பனியையே கண்டிராத ஊர், வேர்க்கிற ஊர், உங்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்கள். சரிதான். வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்ததும் மணிக்கொருமுறை கைபேசியில் சுழலும் படத்தைப் பார்த்தது யார்? நாகைக்கும் கடலூருக்கும் நடுவிலே கரையைக் கடக்கும் என்று மச்சானிடம் அடித்துச் சொன்னது யார்? அது உங்கள் சொல் கேளாமல் ஆந்திராவுக்குத் திரும்பிப் போனபோது, நல்ல காலம் என்று வாய்தான் சொன்னது. அந்த நேரம் முகம் எப்படி இருந்தது என்று வீட்டில் இருப்பவர்களைக் கேட்டுப்பாருங்கள்.