புகை விடுவோர் தோழமைக் குழு

ஊழியர்களின் நுரையீரலைக் காக்கும் பொறுப்பு எங்கள் அலுவலகத்தின் தலையில் எப்படி விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. நாங்கள் கடைக்காரர்களின் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை குத்துகிறவர்கள். எதற்கெடுத்தாலும் செல்போனில் ஒரு குழு என்ற மோகம் மேலிடத்தைப் பிடித்து ஆட்டிய காலம் அது. நடைப்பயிற்சிக்கு ஒரு குழு, நேரத்தோடு வேலைக்கு வருவதற்கு ஒரு குழு. பின்னதில் எல்லோரும் தாமதமாகத்தான் சேர்ந்தோம். அந்த வரிசையில் ஒரு சுற்றறிக்கை வந்தது. புகைப்பழக்கத்தைக் கைவிட விழையும் ஊழியர்கள் இணையவழியே ஒருவருக்கொருவர் ஊக்கமளித்துக்கொள்ளும் பொருட்டு, கிளைதோறும் ‘புகை விடுவோர் தோழமைக் குழு’ உடனடியாகத் தொடங்கப்பட வேண்டும்.

அந்தக் குழுவுக்கென்றே பிறந்தவர் ஒருவர் எங்கள் கிளையில் இருந்தார். முத்திரை குத்துகிறவர். நேரில் ‘அண்ணே’ என்போம். முதுகுக்குப் பின்னால் ‘கொள்ளிவாய்’. ஒரு சிகரெட்டின் நெருப்பிலேயே அடுத்ததைப் பற்றவைப்பார். அவர் சோதித்த கற்களின் மேல் சாம்பல் படிந்திருக்கும். அதையும் சேர்த்தால்தான் எடை சரியாக வரும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள்.

அவருக்குப் பேத்தி பிறந்திருந்தாள். மகள் குழந்தையை அவர் கையில் கொடுக்கவில்லை.

“குளிச்சிட்டு வந்தாலும் நாறுதுப்பா. பச்சைப் புள்ளைக்கு மூச்சு முட்டும். விட்டுட்டு வாங்க, தூக்கிக் குடுக்கிறேன்” என்று சொல்லிவிட்டாள்.

மனிதர் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். மறுநாள் குழுவில் முதல் ஆளாகச் சேர்ந்தார். ஜீப் ஓட்டுநரும் இன்னும் சிலரும் அவர் பின்னால் சேர்ந்தார்கள். எங்கள் அதிகாரி வாழ்நாளில் சிகரெட்டைத் தொட்டவரில்லை. ஆகவே குழுவுக்குத் தலைவர் அவர்தான்.

பிறகு, எந்தச் சுற்றறிக்கையும் எதிர்பார்த்திராத விபத்து ஒன்று நடந்தது. திட்டம் வேலை செய்யத் தொடங்கியது.

“அண்ணே, வண்டியை ஓரங்கட்டிட்டேன். கை தானா சட்டைப் பைக்குப் போகுது” என்று ஓட்டுநர் குழுவில் போடுவார்.

“கையை ஸ்டியரிங்ல வை. வீட்டுக்கு போன் போட்டு உன் பொண்டாட்டிகிட்ட நாலு திட்டு வாங்கு. அடங்கிடும்” என்று கொள்ளிவாய் பதில் போடுவார்.

“வாங்கிட்டேன். இப்ப இன்னும் அதிகமா இழுக்கணும்போல இருக்குண்ணே.”

“தண்ணியைக் குடி. நானும் இங்க பல்லைக் கடிச்சிக்கிட்டுதான் உக்காந்திருக்கேன்.”

இப்படி ஒருவரை ஒருவர் பிடித்து இழுத்துக்கொண்டு போனதில் கொள்ளிவாய் கரையேறிவிட்டார். ஒரு முழு மாதம் வாயில் வைக்கவில்லை. “விட்டாச்சு. இன்னைக்குப் பேத்தியைத் தூக்கினேன்” என்று குழுவில் எழுதினார். ஓட்டுநர் பத்துக் கைதட்டல் படங்களைப் போட்டார். பதினோராவது விழுவதற்குள் கொள்ளிவாய் குழுவிலிருந்து நீக்கப்பட்டார்.

ஒன்றும் புரியாமல் அதிகாரியின் அறைக்கு ஓடினார். வேறு வேலையாக நாங்களும் வாசலில் நின்றிருந்தோம்.

“சார், என்னை ஏன் தூக்கிட்டீங்க?”

“குழுவோட பேர் என்ன?”

“புகை விடுவோர் தோழமைக் குழு.”

“நீங்க இப்ப புகை விடுறீங்களா?”

“விட்டுட்டேன் சார்.”

“அதைத்தான் நானும் சொல்றேன். விட்டுட்டீங்க. இப்ப விடுறீங்களா? வாயிலேர்ந்தோ மூக்கிலேர்ந்தோ ஏதாவது வருதா?”

“ஐயோ சார், புகையை விடுறதுன்னா நிறுத்துறது.”

“அது உங்க வியாக்கியானம். எனக்குத் தெரிஞ்சு புகை விடுறதுன்னா ஊதுறது. தகுதி இல்லாத ஆளைக் குழுவில வெச்சிருந்தா தணிக்கையில நான்தான் பதில் சொல்லணும்.”

தகுதி இழந்த கொள்ளிவாய் திரும்பி வந்து எடைக்கல்லை ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். முத்திரை கோணலாக விழுந்தது.

வினை அதோடு முடியவில்லை. குழுவில் ஒருவர் குறைந்ததைத் தலைமையகம் கவனித்துவிட்டது. ‘பக்கத்துக் கிளையின் குழுவில் ஒருவர்கூடக் குறையாதிருக்க, தங்கள் கிளையில் சரிவு ஏன்?’ என்று கேட்டு எழுதினார்கள். பக்கத்துக் கிளையில் யாரும் விடவில்லை; ஆகவே யாரும் குறையவில்லை. பதவி உயர்வை எதிர்பார்த்துக் காத்திருந்த எங்கள் அதிகாரிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அடுத்து விடப்போகிறவர் ஓட்டுநர்தான் என்று அவருக்குத் துப்புக் கிடைத்தது. ‘தாங்கள் சில நாட்களாகப் புகைப்பதில் ஆர்வம் குன்றிக் காணப்படுகிறீர்கள். இதற்கான விளக்கத்தை உடனே அளிக்கவும்’ என்று ஓட்டுநருக்குக் குறிப்பாணை போனது.

ஓட்டுநர் அதைக் கொண்டுவந்து கொள்ளிவாயிடம் காட்டினார். அவருடைய மறு கையில் சிகரெட் எரிந்துகொண்டிருந்தது.

“டேய், இவ்வளவு தூரம் வந்துட்டியேடா!”

“நான் புள்ளகுட்டிக்காரன்ணே. மெமோ வாங்கிட்டு நிக்க முடியுமா? ஒண்ணே ஒண்ணு, பேருக்கு இழுக்கிறேன்.”

பேருக்கு இழுத்தது அவரையே இழுத்துக்கொண்டு போய்விட்டது. கொள்ளிவாய்க்குக் கண் கலங்கிற்று. புகையால் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

சிறந்த குழுவுக்கு விழா நடத்திக் கேடயம் தரப்போவதாகத் தலைமையகம் அறிவித்தது. இருப்பவர்களைத் தக்கவைத்தால் மட்டும் போதாது, பக்கத்துக் கிளையை முந்த வேண்டும் என்று அதிகாரி முடிவெடுத்தார். புகைக்காத ஊழியர்கள் அனைவரும் குழுவில் சேர வேண்டும். சேர்வதற்குத் தகுதி இல்லாதவர்களுக்கு அலுவலகமே தகுதியை உண்டாக்கிக் கொடுக்கும். பயிற்சியளிக்கக் கொள்ளிவாயைக் கூப்பிட்டார்.

“உங்களுக்கு அனுபவம் இருக்கு. இவங்களுக்குப் பத்தவைக்கிறது, இழுக்கிறது, வளையம் விடுறது எல்லாம் சொல்லிக் குடுங்க.”

“மாட்டேன் சார்.”

“இது துறைப் பணி.”

“எம் பேத்தி எங்கிட்ட வர்றா சார். எந்தத் துறைக்காகவும் மாட்டேன்.”

பொது நலனில் அக்கறையின்மை, சக ஊழியர் முன்னேற்றத்துக்கு இடையூறு என்று அவர்மேல் இரண்டு குற்றச்சாட்டுகள் பதிவாயின. அவர் நீண்ட விடுப்புக்கு விண்ணப்பித்தார். விழா நேரத்தில் சிகரெட் இல்லாத ஓர் ஆள் கண்ணில் பட வேண்டாம் என்று அதிகாரி மகிழ்ச்சியோடு அனுமதித்தார். கொள்ளிவாய் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

பயிற்சியை ஓட்டுநர் நடத்தினார். முதலில் கணக்குப் பிரிவு அம்மா இருமினார். பிறகு கோப்புப் பிரிவே இருமியது. சில வாரங்களில் யாரும் இருமவில்லை. முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்பதற்காகத் தொடங்கிய அதிகாரி, எங்கள் எல்லோரையும் மிஞ்சிவிட்டார். தராசுகளின் முள்ளே கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அறைகளில் புகை சூழ்ந்தது. அந்தக் காலத்தில் எந்தக் கடையின் தராசிலும் குறை காணப்படவில்லை.

சிறந்த குழுவுக்கான கேடயம் எங்கள் கிளைக்கே கிடைத்தது. அதை வழங்க இயக்குநரே வந்தார். உறுப்பினர் தகுதியை நேரில் சரிபார்க்க விரும்புவதாக அவர் சொன்னதால், முற்றத்தில் வரிசையாக நின்று ஆளுக்கொன்று பற்றவைத்துக்கொண்டோம்.

“இந்தக் குழுவோட சாதனை என்ன?” என்று இயக்குநர் கேட்டார்.

“சார், எங்க கிளையில ஒருத்தர்கூட விடலை” என்றார் அதிகாரி.

இயக்குநருக்கு உள்ளம் பூரித்துவிட்டது. “கைதட்டுங்க!” என்றார். இரண்டு கையும் வேண்டியிருந்ததால், கையிலிருந்ததை வாயில் கவ்விக்கொண்டு தட்டினோம்.