ஒரு சதவீதக் குடும்பம்

முதலாளிகளில் பல ரகம் உண்டு. கத்துகிற முதலாளி, கண்ணாடி அறையை விட்டு வெளியே வராத முதலாளி, வெளிநாட்டில் இருந்துகொண்டு வீடியோவில் மட்டும் தரிசனம் தருகிற முதலாளி. இவர்களையெல்லாம் எப்படியாவது சமாளித்துவிடலாம். சமாளிக்கவே முடியாத ரகம் ஒன்று இருக்கிறது. குடும்ப முதலாளி.

அண்ணன் தம்பிகள் சேர்ந்து கடை நடத்துவார்களே, அவர்களா என்று கேட்காதீர்கள். இவருக்கும் உங்களுக்கும் எந்த உறவும் கிடையாது. வேலை கேட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்துக்குள் இவரே உறவை உண்டாக்கிவிடுவார். "இது கம்பெனி இல்லப்பா, குடும்பம்" என்பார். புத்தியுள்ளவர்கள் அப்போதே எழுந்து செருப்பைத் தேடுவார்கள். தேடாதவர்களின் கதிக்கு அஸ்தினாபுரத்துத் துளசிங்கத்தின் கம்பெனியே சாட்சி.

துளசிங்கம் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். பரம்பரை நிலத்தை அடுக்குமாடி கட்டுகிறவரிடம் கொடுத்துவிட்டு அதே இடத்தில் மூன்றாம் மாடியில் வீடு வாங்கினார். அந்த மாடிக்குப் போகிற லிஃப்ட் அடிக்கடி பாதி வழியில் நின்றுவிடும். ஒருநாள் அதற்குள் மாட்டிக்கொண்டு, காய்கறிப் பையும் கையுமாக வியர்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு ஞானம் பிறந்தது. தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம் வரைக்கும் இத்தனை அடுக்குமாடிகள் எழும்புகின்றனவே, இத்தனை லிஃப்டும் ஒருநாள் நிற்கத்தானே போகிறது? அப்படிப் பிறந்ததுதான் அவருடைய லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனி. நன்றாக வளர்ந்தது. ஆளும் நல்ல மனிதர்தான். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஆனால் தான் நல்ல மனிதராக இருப்பதை அடுத்தவர்கள் ஒரு நிமிடம்கூட மறந்துவிடக் கூடாது என்பார். அதுதான் சிக்கல்.

'சார்' என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. 'அண்ணா' என்றுதான் கூப்பிட வேண்டும். மெக்கானிக் ஒருவனுக்குக் கல்யாணம் என்றால் முதல் ஆளாக மண்டபத்துக்குப் போய், பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, மொய்க் கவரைத் திணிக்கிற சாக்கில் மாப்பிள்ளையின் காதருகே குனிந்து, "நாளான்னிக்கு வந்துடு நைனா, கூடுவாஞ்சேரில ரெண்டு லிஃப்டு நின்னுகினு கீது" என்று வாழ்த்திவிட்டு, பந்தியில் எல்லோருடைய இலையையும் மேற்பார்வை பார்த்துவிட்டுத்தான் வெளியே வருவார். தன் பிறந்தநாளை ஞாயிற்றுக்கிழமையில் வைத்து அலுவலகத்திலேயே பிரியாணி போடுவார். வராதவர்களிடம் ஒரு வாரம் பேசமாட்டார். வாசலில் கட்டைவிரல் பதிகிற மெஷின் உண்டு. "வூட்டுப் புள்ளைங்க எத்தினி மணிக்கு வருதுங்கன்னு அப்பன் பாக்க மாட்டானா?" என்பது அதற்கான விளக்கம். மெஷினுக்கு மேலே, தாமதமாக வந்தால் அரைநாள் சம்பளம் பிடித்தம் என்று ஒரு பலகை. எந்த அப்பன் அப்படிப் பிடிக்கிறான் என்று யாரும் கேட்டதில்லை.

போனஸ் கேட்டவன் ஒருவன் உண்டு. கதிரேசன், மூத்த மெக்கானிக்.

"அண்ணா, தீபாவளி வருது..."

துளசிங்கத்தின் முகம் வாடிவிட்டது. "பெத்த அப்பங்கிட்ட போனஸ் கேப்பியா கதிரேசா?"

கதிரேசன் அரைக்கிலோ ஸ்வீட் பாக்ஸோடு வீட்டுக்குப் போனான்.

இப்படிச் சுகமாக ஓடிக்கொண்டிருந்த குடும்பத்தில்தான் வரி அலுவலகத்திலிருந்து மதிப்பீட்டு உத்தரவு வந்து விழுந்தது. விஷயம் இதுதான். சம்பளம் கொடுக்கிற கம்பெனி, அதற்கு உரிய வருமான வரியைப் பிடித்து அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டும். துளசிங்கத்தின் ஆடிட்டர் பட்டாபிராமனோ, மெக்கானிக்குகள் முதல் கணக்கு பார்க்கிற ஹேமாவதி வரை எல்லோரையும் 'ஒப்பந்தக்காரர்கள்' என்று கணக்கில் எழுதியிருந்தார். ஒப்பந்தக்காரர் என்றால் நூற்றுக்கு ஒரு ரூபாய் பிடித்தால் போதும். பி.எஃப். வேண்டாம், போனஸ் வேண்டாம், தலைவலி வேண்டாம். அரசாங்கம் அதைப் பார்த்துவிட்டு, "இவர்கள் உங்கள் ஊழியர்கள். பிடிக்காமல் விட்ட வரியை வட்டியோடு நீங்களே கட்டுங்கள்" என்று எழுதிவிட்டது.

துளசிங்கம் குதித்தார். "என் குடும்பத்துக்கு நான் துட்டு குடுக்கறேன். நடுவுல இவங்களுக்கு இன்னா?"

"குடும்பம்னு வெளியில சொல்லாதீங்கோ சார், கேஸ் போயிடும்" என்றார் பட்டாபிராமன். "மேல்முறையீடு பண்ணுவோம். இவா யாருமே உங்க ஆட்கள் இல்லை, தனித்தனியா தொழில் பண்றவான்னு ஸ்ட்ராங்கா எழுதிடறேன்."

"கதிரேசன் என் ஆளு இல்லியா?"

"இல்லை."

"ஹேமாவதி? என் கூடப் பொறக்காத தங்கச்சிய்யா அது!"

"யாரோ ஒரு பொம்மனாட்டி. கணக்கு எழுத வரா, போறா."

துளசிங்கத்துக்கு நெஞ்சை அடைத்தது. உண்மையாகவே அடைத்தது. ஆடிட்டர் வட்டி எவ்வளவு என்று சொன்னதும் அடைப்பு விலகிவிட்டது.

மறுநாள் எல்லோரையும் கூப்பிட்டு பஜ்ஜியும் காபியும் கொடுத்தார். "இன்னிலேருந்து இந்தக் கம்பெனில வேலைக்காரங்கன்னு யாரும் கெடையாது. எல்லாரும் ஓனருங்க. சொந்தமா தொழில் பண்ற ஆளுங்க. ஒரு கையெழுத்து மட்டும் போட்ருங்க, நம்ம குடும்பத்துக்காக."

ஹேமாவதி பஜ்ஜியைக் கீழே வைத்தாள். பி.காம். படித்தவள். "அப்போ நாங்க ஸ்டாஃப் இல்லையாண்ணா? பி.எஃப். போடுவீங்கன்னு போன வருஷம் சொன்னீங்களே?"

"குடும்பத்துல பி.எஃப். எதுக்கும்மா? நான் இல்ல?"

வீட்டு வாடகை, பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் ஒவ்வொருவர் முகத்திலும் ஒருமுறை வந்து போயின. கையெழுத்துப் போட்டார்கள். ஹேமாவதி மட்டும் ஆளுக்கொரு நகல் வேண்டும் என்றாள். துளசிங்கம் பெருமையோடு கொடுத்தார். அங்கேதான் அவர் சறுக்கினார். ஏனென்றால் அந்த ஒப்பந்தத்தைக் கேஸ் ஜெயிப்பதற்காகப் பட்டாபிராமன் பார்த்துப் பார்த்து எழுதியிருந்தார். ஒப்பந்தக்காரர் தன் விருப்பப்படி வரலாம், போகலாம். வேறு கம்பெனிக்கும் வேலை பார்க்கலாம். யாருடைய உத்தரவுக்கும் கட்டுப்பட்டவர் அல்ல.

அதற்குள் மேல்முறையீட்டில், நேரில் போய் விசாரித்து அறிக்கை தரும்படி ஓர் அதிகாரிக்கு உத்தரவாகிவிட்டது. அவர் எந்த நாளிலும் வரலாம் என்றார் பட்டாபிராமன். மெஷினைக் கழற்றினார்கள். பலகையை எடுத்தார்கள். துளசிங்கத்துக்கும் கண்டிப்பான உத்தரவு: யாரையும் 'வா, போ' என்று கூப்பிடக் கூடாது, எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது, முக்கியமாகத் திட்டவே கூடாது.

மறுநாள் அலுவலகம் திறந்தபோது உள்ளே துளசிங்கம் மட்டும்தான் இருந்தார்.

ஹேமாவதி வெயில் ஏறின பிறகு வந்தாள். வரும்போதே ஒரு சின்னப் பெயர்ப்பலகை கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள்: 'ஹேமாவதி, கணக்கு ஆலோசகர்'. மூன்று மணிக்குக் கைப்பையை எடுத்தாள்.

"கெளம்பிட்டியாம்மா... கெளம்பிட்டீங்களா?" என்றார் துளசிங்கம்.

"ஆமாண்ணா. பொண்ணு தமிழினிக்கு ஸ்கூல்ல டான்ஸ் ப்ரோகிராம். போன வருஷம் நீங்க அனுப்பல. இந்த வருஷம் நான் யாரையும் கேக்க வேண்டியதில்லையே, ஒப்பந்தத்துலயே இருக்கு."

கதிரேசன் கேளம்பாக்கத்தில் வேறொரு கம்பெனி லிஃப்டைப் பார்த்துவிட்டு மதியத்துக்கு மேல் வந்தான். துளசிங்கத்தின் தோளைத் தட்டி, "மார்க்கெட் எப்படிங்க போய்கினு கீது?" என்று சக தொழிலதிபராக விசாரித்தான். பாலு என்கிற இளைய மெக்கானிக், ராத்திரி வேலைக்குக் கூப்பிட்டால் தன் ரேட் தனி என்று வாட்ஸ்அப்பில் தெரிவித்தான்.

துளசிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டார். வேலை ஒன்றும் கெடவில்லை. அதுதான் அவரை இன்னும் அதிகமாக வதைத்தது. லிஃப்டுகள் ஏறின, இறங்கின. ஆனால் யாரும் அவர் அறைக்கதவில் தலையை நீட்டி, "அண்ணா, ஒரு மணி நேரம் பர்மிஷன்..." என்று இழுக்கவில்லை. யாரும் தலையைச் சொறியவில்லை. 'போ, ஆனா சீக்கிரம் வந்துடு' என்று பெரிய மனது பண்ணுவதற்கு அவருக்கு ஒருவரும் மிச்சமில்லை. சாப்பாடு இறங்கவில்லை. மெஷின் இருந்த இடத்தில் சுவரில் தெரிந்த இரண்டு ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டே பொழுதைக் கழித்தார்.

அடுத்த வாரம் அதிகாரி வந்தார். ஜெயசீலி என்று பெயர். அதிர்ந்து பேசாத பெண்மணி. எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார். "நீங்க இங்க வேலை செய்யறீங்களா?" என்று ஹேமாவதியைக் கேட்டார்.

"ஒப்பந்தத்துல என்ன இருக்கோ அதும்படி நடக்கறேன் மேடம்" என்றாள் ஹேமாவதி. அதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது.

"லீவு யார்கிட்ட கேப்பீங்க?"

"இப்பல்லாம் யார்கிட்டயும் கேக்கறதில்ல மேடம்."

பட்டாபிராமனின் முகத்தில் வெற்றி தெரிந்தது. முறுக்குத் தட்டை அதிகாரியின் பக்கம் நகர்த்தினார். அவர் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு ஃபைலை மூடப் போனார். அந்த நேரம் பார்த்துத் துளசிங்கத்தின் போன் அடித்தது. ஊரப்பாக்கத்து அடுக்குமாடிச் சங்கச் செயலாளர்.

"இன்னா சார் மெயின்டனன்ஸ் பண்றீங்க? லிஃப்டு நடுவுல நின்னுடுச்சு. உள்ள ஒரு புள்ளத்தாச்சிப் பொண்ணு மாட்டிகினு கீது. வளைகாப்புக்கு வந்தவங்க அத்தினி பேரும் வாசல்ல நிக்கறாங்க!"

அந்தப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று துளசிங்கத்துக்குத் தெரியும். கதிரேசனைக் கூப்பிட்டார். பதற்றத்தில் ஸ்பீக்கரில் விரல் பட்டுவிட்டது.

"அண்ணா," என்றது கதிரேசனின் குரல், "நான் இப்ப தாம்பரம் மார்க்கெட்ல சம்சாரத்தோட பொடவ எடுத்துகினு கீறேன். இன்னிக்கு எனக்கு கான்ட்ராக்ட் வேல இல்லியே..."

அவ்வளவுதான். இத்தனை நாளாக அடக்கி வைத்ததெல்லாம் ஒரே மூச்சில் கிளம்பியது.

"எவன்டா கான்ட்ராக்டரு? மாசாமாசம் என் கையால சம்பளம் வாங்கி, என் யூனிஃபார்ம மாட்டிகினு, என் டூல்ஸ தூக்கிகினு போறவன் கான்ட்ராக்டரா? என்ன கேக்காம பொடவக் கடைக்குப் போவியா நீ? என்ன கேக்காம ஒரு நாளு லீவு எட்துகினியா இத்தினி வருசத்துல? நாளிக்கு காலைல வந்து மெஷின்ல வெரல வெக்கல, அரநாள் சம்பளம் புடிச்சிருவேன்டா!"

பட்டாபிராமன் கடித்த முறுக்கு கடித்தபடி நின்றது. ஜெயசீலி ஃபைலைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினார்.

"சார், கொஞ்சம் மெதுவா சொல்லுங்க, எழுதிக்கறேன்."

கோபத்தில் இருக்கிற மனிதனுக்குக் கேட்கிற ஆள் கிடைத்தால் போதும். துளசிங்கம் அவர் பக்கம் திரும்பி, நிறுத்தி நிறுத்தி, மெஷினை எந்த வருடம் மாட்டினார், யார் யாருக்கு எப்போதெல்லாம் சம்பளம் பிடித்தார் என்று நியாயம் கேட்கிற குரலில் அடுக்கிக்கொண்டே போனார். பட்டாபிராமன் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தார். "எதுக்கு சாமி மிதிக்கற?" என்று அதையும் சத்தமாகவே கேட்டார்.

எல்லாம் முடிந்த பிறகு ஸ்பீக்கரிலிருந்து கதிரேசனின் குரல் வந்தது. "அண்ணா, பேச்ச முடிக்க வுடாம கத்தறீங்களே. செக்ரட்டரி எனக்குத்தான் மொதல்ல போன் போட்டாரு. பாலு அங்க பக்கத்துலதான் இருந்தான், அப்பவே அனுப்பிட்டேன். கதவத் தொறந்து பொண்ண வெளிய கூட்டியாந்தாச்சு."

மேல்முறையீடு தோற்றது. துளசிங்கம் வரியையும் வட்டியையும் கட்டினார். எல்லோரும் ஊழியர்கள் என்று சட்டப்படி ஆகிவிட்டதால் பி.எஃப். போட வேண்டியதாயிற்று, போனஸ் கொடுக்க வேண்டியதாயிற்று. தீர்ப்பாயம் வரைக்கும் போய்ப் பார்த்துவிடலாம் என்று பட்டாபிராமன் ஆசை காட்டினார். துளசிங்கம் கையெடுத்துக் கும்பிட்டார். "வேணாம் சாமி. என் புள்ளைங்கள எனக்கு யாரோன்னு இன்னொருவாட்டி என்னால சொல்ல முடியாது."

அதைச் சொன்னபோது அவர் கண் கலங்கியது நிஜம். அந்தத் தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கால்கிலோவாகச் சுருங்கியதும் நிஜம்.

ஆனால் ஆள் தெளிந்துவிட்டார். ஊரில் எல்லோரும் நோட்டீஸ் வந்தால் மறைப்பார்கள். இவர் உத்தரவை எடுத்து எல்லோருக்கும் காட்டுகிறார். "பாத்தியா? கவர்மென்ட்டே ஒத்துகினு எய்திக் குட்த்துருச்சு, நீங்கல்லாம் என் ஆளுங்கதான்னு!" ஹேமாவதி சாயங்காலம் மணி ஆனதும், மறுபடி மாட்டிய மெஷினில் விரலைப் பதித்துவிட்டு ஒரு நிமிடம்கூடக் கூடுதலாக நிற்காமல் கிளம்பிவிடுகிறாள். துளசிங்கமும் ஒன்றும் கேட்பதில்லை. கேட்டால் ஓவர்டைம்.

இதைப் படித்துவிட்டு உங்கள் முதலாளியை நினைத்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களுக்குக் கம்பெனி கிடையாது, லிஃப்டும் கிடையாது, எனவே இந்த இனத்தில் நீங்கள் சேர்த்தி இல்லை என்று நிம்மதியாகவும் இருப்பீர்கள். நல்லது. உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிறாரே கன்னியம்மா, அவரைப் பற்றிப் போன வாரம் எதிர் ஃப்ளாட்காரரிடம் என்ன சொன்னீர்கள்? "வேலைக்காரின்னே நாங்க நினைக்கறதில்ல, எங்க வீட்ல ஒருத்தி மாதிரி." அழகான வார்த்தை. உங்கள் வீட்டில் ஒருத்திதான், சந்தேகமே இல்லை.

அப்படியானால் அவர் காபி குடிக்கிற டம்ளர் மட்டும் ஏன் பால்கனி ஜன்னலில் தனியாகக் கவிழ்ந்திருக்கிறது?