பொறியாளர் ஸ்டக் ஆன வரலாறு

குடிநீர் அலுவலகத்தில் இனி எல்லாக் கூட்டங்களும் ஆன்லைனில்தான் நடைபெறும் என்று இயக்குநர் உத்தரவிட்டார். நேர விரயத்தைத் தவிர்ப்பதே நோக்கம் என்று உத்தரவில் கண்டிருந்தது. இயக்குநரையும் சேர்த்து அலுவலர்கள் ஏழு பேர். ஏழு பேரும் ஒரே கூடத்தில், ஒரே வரிசையில் உட்காருகிறவர்கள். ஒருவர் தும்மினால் மற்ற ஆறு பேரும் காகிதத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவு நெருக்கம்.

முதல் கூட்டத்தில், "நான் பேசுறது கேக்குதா?" என்று இயக்குநர் கேட்டார். கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது. கணினியில்தான் கேட்கவில்லை. ஆகவே கேட்கவில்லை என்றே முறைப்படி பதிவானது.

இரண்டாவது கூட்டத்தில், தெற்குத் தெருவுக்குப் பதினோரு நாளாக ஏன் தண்ணீர் வரவில்லை என்று பொறியாளரைக் கேட்டார். கேட்ட நொடியில் பொறியாளரின் படம் ஸ்டக் ஆகிவிட்டது. மோவாயில் கை, மேலே பார்த்த கண். இயக்குநர் நாலு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு ஆழமா யோசிக்கிறார் பாருங்க. யாரும் தொந்தரவு பண்ணாதீங்க" என்றார்.

கேள்வி ஒத்திவைக்கப்பட்டது. பொறியாளருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

அதற்குப் பிறகு எந்தக் கேள்விக்கும் யாருடைய படமும் அசையவில்லை. மென்பொருள் தானாக ஸ்டக் ஆகும்வரை காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. அவரவர் சொந்த முயற்சியில் ஆனார்கள். துணைப் பொறியாளர் கண்ணாடியைப் பாதி கழற்றிய நிலையில் நிற்பார். கிடங்கு மேலாளர் கொட்டாவியில் நிற்பார். அது கடினம், அவர் ஒருவரால்தான் முடியும். மதிய இடைவேளையில் கைகழுவும் இடத்துக் கண்ணாடி முன்னால் பயிற்சி நடந்தது.

தெற்குத் தெருவில் சலவைக்கடை வைத்திருந்த அக்காவுக்கு இதெல்லாம் தெரியாது. தண்ணீர் நின்று பத்தொன்பது நாளாகிவிட்டது. அழுக்கு மூட்டை கூரையைத் தொட்டது. வாடிக்கையாளர்கள் கொடுத்த சட்டையை அப்படியே திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருநாள் கடையைச் சாத்திவிட்டு நேரே அலுவலகத்துக்குப் போய்ப் பொறியாளர் முன்னால் நின்றாள்.

"சார், எங்க தெருவுக்குத் தண்ணி..."

"கூட்டத்துல சொல்லுங்கம்மா. மூணு மணிக்கு லிங்க் வரும்."

"நீங்கதான் எதிர்லயே உக்காந்திருக்கீங்களே சார்."

"உக்காந்திருக்கேன். இன்னும் ஜாயின் ஆகலையே."

அக்கா வீட்டுக்குத் திரும்பினாள். மூன்று மணியிலிருந்து திரையில் ஒரு வட்டம் சுற்றியது. இரண்டு தடவை அவளை வெளியே தள்ளியது. மூன்றே முக்காலுக்கு உள்ளே போனாள். கேள்வியைக் கேட்டாள். ஏழு பேரும் சிலையானார்கள். நம்ம போன்தான் கோளாறு என்று நினைத்து அதை இரண்டு தட்டுத் தட்டினாள். பிறகு உற்றுப் பார்த்தாள்.

"சார், நீங்க ஸ்டக் ஆயிட்டீங்க. ஆனா உங்க பின்னாடி ஃபேன் சுத்துதே."

"மின்விசிறி மின்சாரப் பிரிவைச் சேர்ந்ததும்மா. இந்தக் கூட்டத்தின் வரம்புக்குள் வராது" என்றார் இயக்குநர், உதடு அசையாமல்.

மறுநாளே சுற்றறிக்கை வந்தது: ஸ்டக் ஆக விரும்பும் அலுவலர்கள் முன்கூட்டியே மின்விசிறியை அணைத்துவிட வேண்டியது.

அடுத்த கூட்டத்துக்கு அக்கா தெருவையே திரட்டிவிட்டாள். நாற்பது வீடு, திரையில் நாற்பது கட்டம். அவளுடைய வீட்டுக்காரரும் பக்கத்து நாற்காலியில் தனிப் போனோடு உட்கார்ந்திருந்தார். காற்றில்லாத கூடத்தில் ஏழு அலுவலர்களும் வெந்துகொண்டிருந்தார்கள்.

"சார், மூக்கு நுனியில வேர்வை சொட்டப் போகுது" என்றார் தையல்காரர்.

"துணைப் பொறியாளருக்குக் காதுல இறங்குது" என்றார் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்.

தெருவே சிரித்தது. கொட்டாவி மேலாளருக்கு வாய் தானாக மூடிக்கொண்டது. பொறியாளர் எழுந்து ஃபேனைப் போட்டுவிட்டு முகத்தைத் துடைத்தார்.

"சரிம்மா, தோத்துட்டோம். நாளைக்கே சரி பண்ணிடறேன். வால்வு ஒண்ணு மாத்தணும், அரை மணி நேர வேலை."

நாற்பது கட்டத்திலும் கைதட்டல். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒரே ஒரு விஷயம்" என்றார் பொறியாளர். "தெரு சார்பா ஒருத்தர் காலையில பத்து மணிக்கு நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். மறுபடி பழுதானா அவர்தான் பதில் சொல்லணும். யார் வர்றீங்க?"

கைதட்டல் நின்றது. தையல்காரர் ஊசியில் நூல் கோக்கிற நிலையில் நின்றார். வாத்தியார் டம்ளரை வாயில் வைத்தபடி நின்றார். அக்கா திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்காரர் போனிலும் அசையவில்லை, நாற்காலியிலும் அசையவில்லை.

"ஏங்க" என்று தோளைத் தொட்டாள். கண்கூட இமைக்கவில்லை மனுஷன்.

"அப்ப நீங்களே வந்துடுங்கம்மா" என்றார் பொறியாளர்.

அக்கா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

அன்றைக்கு இணையம் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.