சிட்டுவின் இடுப்பளவு

"மறுபடியும் ரெண்டு அங்குலம் கூடியிருக்கு! இந்த வீட்டுல யாரோ ஒரு துரோகி இருக்கீங்க!"

தையல்காரர் அளவு நாடாவை நாயின் வயிற்றிலிருந்து உருவினார். பெயர்தான் சிட்டு. உருட்டி வைத்த மெத்தை போல ஒரு லாப்ரடார். அது நாடாவையும் தின்ன வாயைத் திறந்தது.

கால்நடை டாக்டர் போன மாதமே எச்சரித்திருந்தார். "இந்த இனத்துக்கு வயிறு நிறைஞ்சதே தெரியாது. இடுப்பு மூட்டு வேற பலவீனம். இப்படியே பெருத்தா ஒருநாள் எழுந்திருக்காது, பார்த்துக்குங்க!"

அன்றிலிருந்து தையல்காரருக்குத் தூக்கம் போயிற்று. டாக்டர் சொன்னபடி சாப்பாட்டைப் பாதியாக்கினார். தோல் புண்ணாகிறது என்றதும் கழுத்துப்பட்டையைக் கழற்றினார். நடக்கவிடச் சொன்னதால் தினமும் டாக்டர் வீட்டுத் தெருவரை கூட்டிப்போய் வந்தார். இடுப்போ ஏறிக்கொண்டே போனது.

"நீதானே ஊட்டுறே?" என்று மனைவிமேல் பாய்ந்தார்.

"ஆமா, எனக்கு வேற வேலையில்லை! அது என் தட்டையே பிடுங்குது!"

"அப்ப இவதான்!" என்று மகளைக் காட்டினார்.

"போங்கப்பா! அதுக்குப் பயந்து நானே பிஸ்கட்டைக் குளியலறையில ஒளிஞ்சு தின்னுறேன்" என்றாள் மகள்.

அவர் நம்பவில்லை. சமையலறைக்குப் பூட்டுப் போட்டார். அப்படியும் அளவு கூடியது. உள்ளே இருந்தால்தானே ஊட்டுவீர்கள் என்று, பகல் முழுக்க அதை மதிலில்லாத தோட்டத்தில் விட்டார். அந்த வாரம் நாடாவே போதவில்லை.

கொதித்துப்போய் டாக்டரிடம் கிளம்பினார். டாக்டர் வீட்டின் முன்னறைதான் மருத்துவமனை. வழியெல்லாம் சிட்டுதான் அவரை முந்திக்கொண்டு ஓடியது.

எடையைப் பார்த்த டாக்டர் எகிறினார். "நாய் வளர்க்கிறீங்களா, கொல்றீங்களா?"

"சத்தியமா நாங்க எதுவும் போடலை டாக்டர்!"

"அப்ப காத்தைக் குடிச்சா இப்படிப் பெருத்துச்சு? எந்த மூளையில்லாத ஜென்மமோ வாரிக் கொட்டுது! அதைக் கூட்டிட்டு வாங்க, நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்கறேன்!"

பெற்ற மகளைக்கூடச் சந்தேகப்பட்டும் கடைசியில் திட்டு தனக்கா என்று தையல்காரருக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது உள்கதவு திறந்தது. டாக்டரின் மனைவி எட்டிப் பார்த்தார். சிட்டு மருந்துப் புட்டிகளை வாலால் தட்டிவிட்டு, அவர்மேல் தாவிக் கையை நக்கியது.

"அட, நம்ம பின்வாசல் அநாதை! கழுத்துல ஒரு பட்டைகூட இல்லாம தினம் பட்டினியா வந்து நிக்கும், பாவம். ஏங்க, உங்க சாப்பாட்டுல பாதி இதுக்குத்தான் போவுது!"