துறைமுகத்துப் பச்சை

பொய் சொல்ல வாயைத் திறக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. என் வாழ்நாளின் ஆகப் பெரிய பொய்யை நான் வாயை இறுக மூடிக்கொண்டுதான் சொன்னேன். அதற்குத் தண்டனை கிடைக்கவில்லை, பெண் கிடைத்தாள்.

எழுபதுகளின் தொடக்கம். திருகோணமலைத் துறைமுகத்தில் படகுகளுக்கு வயர் இழுப்பது என் வேலை. வயது இருபத்தாறு. மின்சாரத்தைக் கண்டுபிடித்ததே நான்தான் என்பது போல ஒரு நடை. ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் சதாசிவத்தின் மகள் புவனத்தைக் கட்ட ஆசைப்பட்டு, வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கேட்டிருந்தேன். அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "முதல்ல எங்கட கோச்சியைத் திருத்தித் தரட்டும், பாப்பம்" என்று சொல்லிவிட்டார்.

கோச்சி என்றால் எங்கள் பக்கத்தில் ரயில். இது விளையாட்டு ரயில். ஊர் திரும்பிய வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனது. விறாந்தையை அடைத்த ஒரு மேசை, அதில் தண்டவாளம், அது இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு மின்சார சுவிட்ச். பொத்தானை அழுத்தினால் தண்டவாளம் நேர்வழிக்கோ பக்கவழிக்கோ திரும்பும். எந்த வழி என்று காட்ட இரண்டு சின்ன விளக்குகள். சுவிட்சும் அசையவில்லை, விளக்கும் எரியவில்லை.

உப்புக்காற்றில் துருப்பிடித்த கம்பிகளை உரசித் துடைத்து, அறுந்ததைப் பற்றவைத்து, மத்தியானத்துக்குள் சுவிட்சை 'டக், டக்' என்று அடிக்க வைத்துவிட்டேன். கருகிப்போன விளக்குகளைக் கழற்றிப் புதிதாக ஒரு சிவப்பும் ஒரு பச்சையும் போட்டேன். எது எந்தப் பக்கம் என்று யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை. (கேட்டால் கெட்டிக்காரத்தனம் என்னாவது?) படகில் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, என் கை நித்திரையிலும் அதைப் பிழைவிடாது. இந்த மேசையில் வலப்பக்கம் இருந்தது பக்கவழி. அதில் சாமான் கோச்சி நின்றது.

ஓடவிட்டுப் பார்க்க அவர் விடவில்லை. நல்ல நேரம் பின்னேரம் ஐந்து மணிக்குத்தானாம். அவரோடு வேலைசெய்த இரண்டு நண்பர்கள் வந்தார்கள். அவர் பழைய தொப்பியைப் போட்டுக்கொண்டார். புவனம் அடுப்படிக் குசினி வாசலில் நின்றாள்.

பொத்தானை அழுத்தினார். பச்சை எரிந்தது; மற்றவர்களின் கண்ணெல்லாம் கோச்சியில்தான். "லைன் கிளியர்" என்று மணியடித்துக் கோச்சியை விட்டார். அது கம்பீரமாகப் பக்கவழிக்குள் நுழைந்து, நின்ற கோச்சியில் மோதி, மேசையால் விழுந்து, ஒரு நண்பரின் தேத்தண்ணியில் தலைகுத்தியது. பதறிப்போய் நான் மின்சாரத்தை நிறுத்தினேன். விளக்கும் அணைந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சேவைக்காலம் முழுவதும் ஒரு மோதலும் இல்லாத மனிதர் அவர்.

"சிவப்பையோ நான் பச்சையெண்டு கண்டனான்?" அவர் தொப்பியைக் கழற்றினார்.

"வயசு போனால் கண் அப்பிடித்தான், சதாசிவம்" என்றார் தேத்தண்ணி இழந்த நண்பர்.

கோச்சிக்காரருக்குப் பச்சை என்றால் நேர்வழி; நான் அதைப் பக்கவழிக்குப் போட்டுவிட்டேன் என்று எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. ஆனால் சொன்னால் புவனம் இல்லை. வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் மேசையைத் துணிபோட்டு மூடிவிட்டாராம். வைத்தியரிடம் போகவும் மறுத்துவிட்டாராம். ஒரு வாரம் முடியுமுன் எனக்குச் செய்தி வந்தது: "கண் போகமுந்திப் பிள்ளையின்ர கல்யாணத்தைப் பாத்திடவேணும். அந்தப் பெடியனுக்கே குடுப்பம்." வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று எனக்குச் சந்தோஷம்தான்.

ஒன்பதாம் நாள் சாப்பிடக் கூப்பிட்டார்கள். மீன்பொரியலோடு இருந்த ஒரு மிளகாயை அவர் எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "பிள்ளை, இது பச்சையோ, பழுத்ததோ?" என்று புவனத்தைக் கேட்டார்.

அது பச்சைப்பசேல் என்று இருந்தது.

"ஐயா, உங்கட கண்ணில பிழையில்லை. நான்தான் படகுக்குப் போடுறமாதிரி விளக்கை மாத்திப் போட்டனான்."

புவனத்தின் அகப்பை அந்தரத்தில் நின்றது.

"அப்ப நான் கண்டது பச்சைதானோ?"

"ஓம் ஐயா."

"வடிவாச் சொல்லும்."

"பச்சைதான் ஐயா."

அவர் அந்த மிளகாயை அப்படியே வாயில் போட்டு மென்றார். கண்ணால் தண்ணீர் வழிந்தது. காரத்தால் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை. "ஒன்பது நாளாய் என்னைக் குருடனாக்கி வச்சிருந்தீரே" என்றார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கொடுத்த வாக்கை அவர் மாற்றவில்லை. கல்யாணம் முடியும்வரை புவனம்தான் என்னோடு கதைக்கவில்லை. ஆனால் அவர் இருந்த காலம் முழுக்க, நான் வாசலில் கால் வைத்தால், தோள் துவாயோ, வாழைப்பழமோ, கையில் அகப்பட்டதைத் தூக்கிக் காட்டி, "மருமகன், இது என்ன நிறம்?" என்று எல்லார் முன்னாலும் கேட்பார். சொல்லும்வரை தேத்தண்ணி வராது.

அவர் போய்விட்டார். இப்போது பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். எதைக் காட்டினாலும் உடனே சொல்லிவிடுகிறேன்; ஒன்பது நாள் எடுப்பதில்லை.