வண்டிக்கு வந்த சோதனை

"உள்ள என்னடா தேடுற?"

ஸ்டீயரிங்குக்கு அடியில் தலைகீழாகக் கிடந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், அப்பாவின் குரல் கேட்டதும் தலையை நங்கென்று இடித்துக்கொண்டார்.

"பேனா விழுந்துடுச்சுப்பா."

"பேனா எடுக்க ஸ்க்ரூ டிரைவர் எதுக்கு?"

"இடுக்குல மாட்டிக்கிச்சு."

அப்பா காரின் கூரையைச் செல்லமாகத் தட்டிவிட்டு, சுவரைத் தொட்டுத் தொட்டு வீட்டுக்குள் போனார். அவர் மறைந்ததும் மகன் ஒரு சிவப்பு ஒயரைப் பிடுங்கி, கைக்கு எட்டிய இன்னொன்றோடு முறுக்கிவிட்டார்.

அப்பா வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்றபின் வாங்கிய இந்தப் பழைய காரையும், பின்னால் ஒரு பஸ் கொள்ளும் ஜனம் உட்கார்ந்திருக்கிற நினைப்பில்தான் ஓட்டுவார். ஆனால் அவருடைய கண் நரம்பு தேய்ந்துகொண்டே வந்தது. கண்ணாடி போட்டுத் தீருகிற மங்கல் இல்லை அது. "இனிமே நீங்க வண்டி ஓட்டாம இருக்கறதுதான் நல்லதுங்க" என்று கடைக்கு வந்த எத்தனையோ பேரிடம் கூசாமல் சொன்ன மகனுக்கு, அதையே அப்பாவிடம் சொல்ல நாக்கு எழவில்லை. "கொஞ்சம் பவர் ஏறியிருக்குப்பா" என்று பூசி மெழுகி வைத்திருந்தார்.

போன வாரம் தெருமுனையில் அப்பா காரை நிறுத்தி, எதிரே நின்ற ஆள் விலகட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தார். ஹாரன் அடித்தார். ஆள் அசையவில்லை. "திமிரு பிடிச்சவனா இருப்பான் போல" என்று ஒதுங்கிப் போனார். அது குப்பைத்தொட்டி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகனுக்குச் சிரிப்புதான் வந்தது. அடுத்த திருப்பத்தில், சாலையைக் கடந்துகொண்டிருந்த பள்ளிக்கூடத்துச் சிறுமி ஒருத்தியின் புத்தகப் பையை உரசிக்கொண்டு போனது கார். "ஏதோ சத்தம் கேட்டுச்சே" என்றார் அப்பா. அன்றோடு மகனுக்குத் தூக்கம் போயிற்று.

"வாயத் தொறந்து சொல்லிடுங்களேன்" என்றாள் மனைவி.

"நீ சொல்லேன் பார்க்கலாம்."

"நான் மருமக. நான் சொன்னா சாவியப் பிடுங்கிட்டான்னு பேராகும். நீங்க பெத்த பிள்ள."

அந்தச் சமயத்தில்தான் வாகனத் தகுதிச் சோதனைக்கு நாள் வந்தது. தேறாத வண்டி தெருவில் இறங்கக்கூடாது. வண்டி தேறாவிட்டால் அது வண்டியின் குறை, ஓட்டுகிறவருக்கு அவமானம் இல்லை. பாம்பும் நோகாமல், பாம்படித்த கோலும் நோகாமல் காரியம் முடிந்துவிடும். மகன் முதலில் பின்பக்கத்து பிரேக் விளக்கின் பல்பைக் கழற்றினார்.

"பல்பா? மாமா போற வழியிலயே ஒண்ணு வாங்கிப் போட்டுடுவாரு. பெருசா எதாவது பண்ணுங்க" என்றாள் மனைவி.

பல்பைத் திரும்ப மாட்டிவிட்டு அந்தச் சிவப்பு ஒயருக்குப் போனது அதனால்தான்.

மறுநாள் காலை அப்பா வண்டியைக் கிளப்பி பிரேக்கை மிதித்தார். வைப்பர் இரண்டும் பரபரவென்று ஆட ஆரம்பித்தன.

"மழையே இல்லையேடா."

"பழைய வண்டி இல்லையாப்பா. தானா ஏதாவது ஆகியிருக்கும்."

"ஆமா ஆமா. வயசாச்சுன்னா ஒண்ணு சொன்னா ஒண்ணு செய்யும்" என்றார் அப்பா, டாஷ்போர்டைத் தடவிக்கொண்டே.

அந்த வாக்கியம் நாள் முழுக்க மகனுக்கு முள்ளாகக் குத்தியது. கடையில் கை ஓடவில்லை. தூரத்துக்குக் கண்ணாடி கேட்டு வந்தவருக்குப் படிக்கிற கண்ணாடியை மாட்டி அனுப்ப, அவர் வாசற்படி எங்கே என்று தெரியாமல் தடுமாறினார்.

சாயங்காலம் வீடு திரும்பியபோது அப்பா காரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். பார்த்துத் துடைக்கவில்லை, விரலால் தடவி, அழுக்கு எங்கே என்று கண்டுபிடித்துத் துடைத்தார். நாளைக்குப் போட்டுக்கொள்ள இஸ்திரி போட்ட சட்டை உள்ளே நாற்காலி முதுகில் தயாராகத் தொங்கியது.

"எதுக்குப்பா இவ்வளவு?"

"நாளைக்கு நாலு பேர் அதைக் குனிஞ்சும் நிமிந்தும் பார்ப்பாங்க. அழுக்கா கூட்டிட்டுப் போனா நல்லாவா இருக்கும்?"

மகனுக்கு, பெற்றவருடைய வண்டிக்கே குழி பறித்துவிட்டோமே என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது. வண்டி கௌரவமாகத் தேறட்டும், அதன்பிறகு முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு கட்டினார். அப்பா உள்ளே போனதும் ஸ்க்ரூ டிரைவரோடு மறுபடி தலைகீழானார்.

கெடுப்பதற்குத் தேவைப்படாத படிப்பு, சரிசெய்யத் தேவைப்பட்டது. கைபேசியில் ஒரு வீடியோவைப் பார்த்து ஒயரை மாற்றினார். அது வேறு காருக்கான வீடியோ. வைப்பர் நின்றது, இடப்பக்கத்து இண்டிகேட்டரைப் போட்டால் ஹாரன் அலறியது. ஹாரனைச் சரிசெய்யப் போனார். பிரேக் விளக்கு மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் அணைய மறுத்தது, வைப்பரும் திரும்பி வந்தது.

"இப்ப எதுதான் ஒழுங்கா வேலை செய்யுது?" என்றாள் மனைவி.

"கதவு."

"மெக்கானிக்கக் கூப்பிடுங்களேன்."

"என்னன்னு சொல்லிக் கூப்பிடறது? எங்கப்பா வண்டிய நானே கெடுத்துட்டேன்னா?"

மறுநாள் காலை அப்பா தானாகவே சாவியை நீட்டினார். "நீயே ஓட்டு. முழங்கால் கொஞ்சம் பிடிச்சிருக்கு."

முதல் இடப்பக்கத் திருப்பத்தில் ஹாரன் அலறிய அலறலில், சைக்கிளில் போனவர் இறங்கி நின்று திட்டினார். அதன்பிறகு மகன் இடப்பக்கம் திரும்புவதையே விட்டுவிட்டார். வலப்பக்கமாகவே சுற்றிச் சுற்றிப் போனார்.

"இந்தத் தெருவுக்கு முன்னாடியே வந்தோமோ?"

"குறுக்கு வழிப்பா."

சோதனைக் கூடம் நீளமான தகரக் கொட்டகை. டீசல் வாடையும், சக்கரங்களைச் சுழலவிட்டு பிரேக் பார்க்கும் உருளைகளின் உறுமலும் நிறைந்திருந்தன. அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். சோதனை அதிகாரி, நீலக் கோட்டுப் போட்ட நடுவயதுக்காரர், காரின் முன்னால் வந்து நின்றார்.

"பிரேக் மிதிங்க சார்."

வைப்பர் ஆடியது.

"இடது இண்டிகேட்டர்."

ஹாரன் அடித்தது. பக்கத்து வரிசையில் நின்ற லாரிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஹாரன் அடிங்க."

ஒன்றும் நடக்கவில்லை. அதிகாரியின் முகத்திலும்தான். அவர் காரைச் சுற்றி வந்தார். நம்பர் பலகையைத் தொட்டார். அது ஒற்றை ஸ்க்ரூவில் ஊஞ்சலாடியது. பின்சீட்டு பெல்ட்டை இழுத்தார். கொக்கி கையோடு வந்தது. கடைசியில் முன்சக்கரத்தின் அருகே உட்கார்ந்தார்.

"டயர் சுத்தமா மொட்டையா இருக்கே. பார்க்கலையா?"

மகன் குனிந்து பார்த்துத் திகைத்துப்போனார். டிக்கியில் வருஷக்கணக்காகக் கிடந்த ஸ்பேர் டயர் அது. டிக்கியைத் திறந்தால், நல்ல டயர் அங்கே சுகமாகப் படுத்திருந்தது.

"சார், இது சத்தியமா நான் பண்ணல."

"அப்ப மத்ததெல்லாம்?"

மகன் டிக்கியைச் சாத்தினார்.

"தேறாது சார். இதைச் சரிபண்ணவும் நான் சொல்லமாட்டேன். வண்டிய விட்டுடறது நல்லது."

இதைக் கேட்கத்தான் இத்தனை பாடும். ஆனால் கேட்டதும் மகன் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். இஸ்திரி சட்டையில் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, அவர்கள் நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளி, காலியாக இருந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், கொஞ்சம் மனசு வைங்க" என்று மகன் குரலைத் தாழ்த்தினார். "எல்லாத்தையும் சரிபண்ணிக் கொண்டு வர்றேன். தப்பு என்னோடது. அவர்கிட்ட சொல்லவேண்டியத சொல்லாம, வண்டியக் கெடுத்தேன். இது தேறலன்னா அவர் மனசு ஒடஞ்சு போயிடும்."

அதிகாரி கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். அவரும் ஒருமுறை பெஞ்சைப் பார்த்தார்.

"நேத்து மத்தியானம் உங்கப்பா இங்க வந்திருந்தாரு சார், 'டயர், பெல்ட்ட எல்லாம் நான் பார்த்துக்கறேன், மிச்சத்த நீங்க பார்த்து வண்டிமேல பழியப் போட்டுடுங்க, எனக்குக் கண்ணு போயிடுச்சுங்கறத மட்டும் என் பையன் வாயால சொல்ல வெச்சுடாதீங்க, அவன் தாங்கமாட்டான்'னு கையப் பிடிச்சுக் கேட்டுட்டுப் போனாரு."